‘விமானியின் தவறு’ மட்டும்தானா?

ஆசிரியர் அவர்கட்கு,

விமான விபத்துச் செய்திகளை ‘விமானியின் தவறு’ என்ற இரு சொற்களுடன் முடித்துவிடும் வழக்கம் நம் பத்திரிகைகளில் உண்டு. விமானிக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் இடையே பேச்சு எங்கே பிசகியது என்பதையும் எழுதுமாறு வேண்டுகிறேன்.

1977 மார்ச் 27 அன்று தெனெரிஃப் தீவில், மூடுபனி சூழ்ந்த ஓடுபாதையில் கே.எல்.எம்., பான் ஆம் ஆகிய விமான நிறுவனங்களின் இரு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். அனுமதியின்றியே ஓடத் தொடங்கிய கே.எல்.எம். விமானத்திலிருந்து வந்த தெளிவற்ற வாசகத்தை, அது புறப்பட ஆயத்தமாக நிற்பதாக விளங்கிக்கொண்ட கட்டுப்பாட்டாளர் ‘ஓகே’ என்றார். பொறுத்திருக்குமாறு அவர் தொடர்ந்து சொன்னதோ, அதே கணத்தில் பான் ஆம் விமானத்திலிருந்தும் பேசியதால் எழுந்த இரைச்சலில் அமிழ்ந்துபோயிற்று. (தொலைபேசியில் நாம் சொல்லும் ‘சரி’யும் இப்படித்தான், கேட்டேன் என்பதா, சம்மதம் என்பதா என்று விளங்குவதில்லை.) அதன் பின்னரே ‘டேக் ஓஃப்’ (புறப்படல்) என்ற சொல்லை, அந்த அனுமதியை வழங்கும்போதும் இரத்துச் செய்யும்போதும் மட்டும் பயன்படுத்தும் நடைமுறை வலுப்பெற்றது.

1990 ஜனவரியில் நியூயோர்க் அருகே வீழ்ந்த அவியங்கா நிறுவன விமானத்தில் 73 பேர் இறந்தனர். எரிபொருள் தீர்ந்துவருவதாகக் கூறிய துணை விமானி ‘எமர்ஜென்சி’ என்ற சொல்லை உச்சரிக்கவே இல்லை.

இவற்றை எழுதத் தமிழில் கலைச்சொல் இல்லை என்பது வெறும் சாக்கு. கட்டுநாயக்க, இரத்மலானை விமான நிலையங்களில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களைக் கேட்டு எழுதலாமே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.