லுசேனாவில் இரண்டு ஈசாக்குகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் இடைக்கால ஸ்பெயினின் யூதக் கவிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இப்னு கபிரோல், யெஹூதா ஹலேவி என்ற வழக்கமான இரண்டு பெயர்களோடு நின்றுவிடாமல், லுசேனா ரபி ஈசாக் இப்னு கியாத்தையும் சேர்த்துக்கொண்டது நல்ல காரியம். ஆனால் அவருக்கென ஒதுக்கிய அரைப் பக்கத்தில் ஓர் ஆள்மாறாட்டம், ஓர் ஆண்டுப் பிழை, கவிதை பற்றி ஒரு தவறான தீர்ப்பு என மூன்றும் சேர்ந்துவிட்டன. முதல் இரண்டையும் ஒரு திருத்தக் குறிப்பில் முடித்துவிடலாம். மூன்றாவதுக்குத்தான் கொஞ்சம் இடம் கேட்கிறேன்.

மொராக்கோவின் ஃபெஸ் நகரிலிருந்து முதிய வயதில் தப்பி வந்து லுசேனாவின் யெஷிவா எனும் சமயக் கல்விக்கூடத்துக்குத் தலைவரானவர் என்று கட்டுரை சொல்கிறதே, அவர் இப்னு கியாத் அல்லர். அவருக்கு அடுத்து அந்தப் பதவிக்கு வந்த ஈசாக் அல்ஃபாசி. ஃபெஸ்ஸில் எதிரிகள் ஆட்சியாளரிடம் கோள் சொன்னதால் அல்ஃபாசி 1088-ல், சுமார் 75 வயதில், ஸ்பெயினுக்கு ஓடிவந்தார். மறு ஆண்டு இப்னு கியாத் காலமானதும் லுசேனா அல்ஃபாசியை ஏற்றுக்கொண்டது. 1103-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். ஒரே ஊர், ஒரே பதவி, ஒரே பெயர் என்றால் யாருக்கும் தடுமாறும். 1161-ல் டோலிடோவில் யூத அறிஞர் பரம்பரையின் வரலாற்றை எழுதிய ஆபிரகாம் இப்னு தாவூத், அந்தத் தலைமுறையில் ஈசாக் என்ற பெயரில் ஐந்து பேர் இருந்ததாகவே கணக்குக் காட்டுகிறார். இவர்கள் இருவர் போக மற்றவர்கள் ஈசாக் அல்பாலியா, ஈசாக் பென் ரூபன், ஈசாக் பென் மோசே.

இப்னு கியாத் லுசேனாவுக்கே உரியவர். கோர்டோபாவுக்குத் தெற்கே இருந்த அந்த நகரில் யூதர்கள் மதிலுக்கு உள்ளேயும் முஸ்லிம்கள் வெளியே புறநகரிலும் வாழ்ந்ததாக 12-ஆம் நூற்றாண்டு புவியியலாளர் அல்-இத்ரீசி எழுதியிருக்கிறார். நோய் முற்றியபோது வைத்தியத்துக்காக இப்னு கியாத்தைக் கோர்டோபாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இறந்தார், உடலை லுசேனாவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். கவிஞர் மோசே இப்னு எஸ்ரா அவரிடம் படித்தவர். கட்டுரையில் இந்தத் தகவலைக் காணோம்.

அடுத்து, யூதர்கள் கொல்லப்பட்ட கிரனாடா படுகொலையின் ஆண்டு. கட்டுரையில் 1067 என்று இருக்கிறது. 1066 என்பதே சரி. பிழை எங்கே நுழைந்தது என்று ஊகிக்க முடிகிறது. நாள் எபிரேயக் கணக்கில் 4827 தெவேத் 9. எபிரேய ஆண்டிலிருந்து 3760-ஐக் கழித்தால் பொது ஆண்டு வரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் எபிரேயப் புத்தாண்டு செப்டம்பர்-அக்டோபர் வாக்கில், திஷ்ரி மாதத்தில் பிறக்கிறது. அன்றுமுதல் டிசம்பர் 31 வரையுள்ள நாள்களுக்கு 3761-ஐக் கழிக்க வேண்டும். தெவேத் 9 அந்த ஆண்டு டிசம்பர் 30, சனிக்கிழமை. நாள் மாதம் தெரியாமல் ஆண்டு மட்டும் கிடைத்தால் 1066-67 என்று இரண்டையும் போடுவதே பாதுகாப்பு.

அந்தக் கலவரத்தில் கிரனாடாவின் அமைச்சராக இருந்த யோசேப், அதாவது அறிஞர் ஷமுவேல் ஹநாகீதின் மகன், கொல்லப்பட்டார். மனைவியும் மகன் அசரியாவும் லுசேனாவுக்குத் தப்பினார்கள். இப்னு கியாத் அந்தப் பையனை ஆதரித்து, லுசேனாவின் ரபி பதவிக்கே அவனைக் கொண்டுவரப் பார்த்தார். பையன் சிறு வயதிலேயே இறந்துபோனான்.

இனி அந்தத் தீர்ப்பு. அவருடைய பாடல்கள் “சட்டென்று அறுந்து நிற்கின்றன, கடைசி வரியில் வலுவில்லை” என்கிறார் கட்டுரையாளர். தொகுப்பு நூலில் தனியாக அச்சான பாடலைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். பியூத் எனப்படும் வழிபாட்டுப் பாடல் தனியாக நிற்க எழுதப்பட்டதன்று. காலைத் தொழுகையில் ‘ஷெமா’ எனும் நம்பிக்கை அறிக்கைக்கு முன் இரண்டு துதிகள், பின் ஒன்று. ஒவ்வொரு துதியும் ‘முடிப்பு’ என்ற போற்றி வரியோடு நிறைவடையும். இந்த மூன்றின் இடைவெளிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடல் வகை உண்டு. ஏசாயாவின் “தூயவர், தூயவர், தூயவர்” வசனத்தை ஒட்டி வருவது ஓஃபான். ஒளிச்சுடர்களைப் படைத்தவரைப் போற்றும் முடிப்புக்கு முன் மெஓரா. இறைவனின் அன்பைச் சொல்லும் துதியில் அஹவா. ஷெமாவுக்குப் பின் சூலாத். இஸ்ரயேலை மீட்டவரைப் போற்றும் முடிப்புக்கு முன் கெயுலா.

இங்கே ஒரு சட்டம் குறுக்கிடுகிறது. துதியை முடிப்பதற்குச் சற்று முன் அந்த முடிப்பின் பொருளையே சொல்ல வேண்டும் என்பது யூதச் சட்ட நூலான தல்மூத்தின் விதி (பெசாஹீம் 104அ). ஆகவே மெஓராவின் உடல் எந்தத் திசையில் போனாலும், நாடு கடத்தப்பட்ட துயரத்தையே பாடினாலும், கடைசி வரி ஒளிக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். கெயுலா மீட்பில் வந்து முடிய வேண்டும். முத்தாய்ப்பு கவிஞருடைய வரியில் இல்லை. அடுத்து எல்லோரும் கேட்கும் துதியில் இருக்கிறது. இப்னு கியாத் பண்டிகைகளுக்கும் நோன்புகளுக்கும் உரிய சட்டங்களைத் தொகுத்து, கெயோன்கள் எனப்பட்ட பாபிலோனிய யூத அறிஞர்களின் தீர்ப்புகளையும் ஹநாகீதின் கருத்துகளையும் மேற்கோள் காட்டி நூலே எழுதியவர். இந்த விதியை அறியாமல் கடைசி வரியைக் கோட்டைவிட்டார் என்று அவரைச் சொல்ல முடியுமா?

பாடல்கள் இடம் பெயர்ந்ததற்கும் காரணம் உண்டு. 1565-ல் வெனிஸில் அச்சேறிய யோசேப் காரோவின் சட்டத் தொகுப்பு, ஷெமாவின் துதிகளுக்கு நடுவே பாடல் சொல்வது இடைமுறிவு என்பதால் தவிர்ப்பதே முறை என்கிறது. அதன் பிறகு ஸ்பானிய மரபைச் சேர்ந்த செபார்டி சபைகள் பலவற்றில் இவை வேறு இடத்துக்கு நகர்த்தப்பட்டன, அல்லது கைவிடப்பட்டன. நீளமும் கடினமும் கொண்ட இப்னு கியாத்தின் பாடல்களுக்கு அடி இன்னும் பலமாக விழுந்தது. லிபியாவின் திரிப்போலி யூதர்களின் ‘சிஃப்தே ரெனனோத்’ தொகுதி அவற்றில் பலவற்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

ஆசிரியரை அடையாளம் காண்பதிலும் எச்சரிக்கை வேண்டும். சம்பந்தர் பதிகத்தின் கடைசிப் பாட்டில் தம் பெயரை வெளிப்படையாக வைப்பார். இவர்கள் கண்ணிகளின் முதலெழுத்துகளில் ஒளித்துவைப்பார்கள். ஈசாக் என்பதற்கு யோத், த்சாதி, ஹேத், கோஃப் என நான்கே எழுத்து. அதை மட்டும் வைத்து ஆளைத் தீர்மானிக்க முடியாது. ஐந்து ஈசாக்குகளில் பென் ரூபனும் பாடல் எழுதியவர்தான். ‘பென் யெஹூதா’, ‘கியாத்’ என்று தொடர்ந்தால் நம்பலாம். படியெடுத்தவர் ஒரு கண்ணியை விட்டுவிட்டால் ஓர் எழுத்து போயிற்று. இரண்டை இடம் மாற்றினால் பெயரே உருக்குலையும்.

கட்டுரை ஐயமின்றி அவருடையதாகச் சொல்லும் ‘ஹமவ்தில்’ பாட்டே இதற்கு உதாரணம். கண்ணிகளின் முதலெழுத்துகள் ‘சிறியவன் ஈசாக்’ என்ற எட்டு எழுத்தைத் தருகின்றன. இப்னு கியாத் பாடியது என்பது மரபு. கையொப்பம் அவ்வளவு தூரம் போகவில்லை. இன்று சனிக்கிழமை இரவு, ஓய்வுநாள் முடிந்ததும் பாடுகிறார்கள். ஆனால் முதல் வரியிலேயே பாவ மன்னிப்பு கேட்பதும், மாலைக் காணிக்கையின் வேளை கடந்துவிட்டதாக உள்ளே வரும் வரியும், யோம் கிப்பூர் நோன்பின் கடைசித் தொழுகையான நெயிலாவுக்கே பொருந்துகின்றன. “வாரந்தோறும் பாட எழுதிய எளிய பாட்டு” என்ற கட்டுரையின் வரி நிற்காது.

அடுத்த இதழில் மோசே இப்னு எஸ்ரா வருகிறார் என்று அறிவித்திருக்கிறீர்கள். மன்னிப்புப் பாடல்களை ஏராளமாக எழுதியதால் ‘ஹசல்லாஹ்’ என்றே பெயர் வாங்கியவர். அவர் பாடல்களை மொழிபெயர்த்து வெளியிடும்போது, எந்த நாளில், எந்தத் தொழுகையில், எந்தத் துதிக்கு முன் பாடப்படுவது என்று மேலே ஒரு வரி போடுங்கள். பாடல் முடிந்ததும் அந்தத் துதியின் முடிப்பையும் சாய்வெழுத்தில் சேர்த்து அச்சிடுங்கள். இரண்டும் சேர்ந்து நான்கைந்து வரிதான் கூடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை