மேஸ்திரி அண்ணன்களுக்கு: டாக்டர் கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள்

மேஸ்திரி அண்ணன்களுக்கு வணக்கம்.

நான் ஒரு கொத்தனாரின் மகள். தொழிலாளர் நஷ்டஈட்டு வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீல் ஆபீசில் ஏழு வருடமாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். இந்த மடலை அரசாங்கத்துக்கோ பில்டர்களுக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. சைட்டில் ஒருவர் விழுந்தால் அவரை அள்ளி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது நீங்கள்தான். கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டர் "எப்படி அடிபட்டுச்சு?" என்று கேட்கும்போது பக்கத்தில் நிற்பதும் நீங்கள்தான். அந்தக் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2017-ல் என் அப்பா இரண்டாவது மாடி வெளிப்பூச்சுக்குக் கட்டியிருந்த சாரத்திலிருந்து விழுந்தார். சவுக்குக் கட்டை சாரம். பலகையின் ஒரு முனை நழுவிவிட்டது. கீழே கிடந்தபோதும் கரண்டியை விடாமல் பிடித்திருந்தாராம். இரண்டு குதிகாலும் நொறுங்கின, முதுகெலும்பில் ஒரு கண்ணி அமுங்கிவிட்டது. அப்போது அவருக்கு 45 வயது. அந்த மேஸ்திரியை நான் சின்ன வயதிலிருந்து மாமா என்றுதான் கூப்பிடுவேன். அப்பாவுக்கும் அவருக்கும் இருபது வருடப் பழக்கம். அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். டாக்டரிடம் "வீட்டு மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டாருங்க" என்று சொன்னவரும் அவர்தான். டாக்டர் அதை அப்படியே ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது விபத்துப் பதிவேட்டில், எழுதிவிட்டார். வீட்டில் விழுந்தவருக்குப் போலீஸ் எதற்கு என்று ஸ்டேஷனுக்கும் தகவல் போகவில்லை.

எங்கள் வீடு ஓட்டு வீடு. அதற்கு மாடியே கிடையாது.

மாமா ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். போலீஸ் கேஸ் ஆகிவிடும், வேலை நின்றுவிடும், பில்டர் அடுத்த வேலையைக் கொடுக்க மாட்டார் என்ற பயம். "ஆஸ்பத்திரிச் செலவ நாம பாத்துக்கலாம், இப்ப எதுவும் பேச வேணாம்" என்று பில்டர் பக்கத்திலிருந்து போனில் அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் கையிலிருந்து 15,000 ரூபாய் கொடுத்தார். அது அவர் சொந்தப் பணம், கடன் வாங்கிய பணம். மூன்றாவது வாரத்தோடு பில்டர் பக்கத்தில் போன் எடுப்பது நின்றுபோனது.

அந்தப் பொய் என்ன செய்தது என்று கேளுங்கள். பில்டர் அந்தக் கட்டடத்துக்கு இன்சூரன்ஸ் எடுத்து வைத்திருந்தார். தொழிலாளருக்கு விபத்து நேர்ந்தால் நஷ்டஈட்டைக் கம்பெனி கட்டும் பாலிசி. உண்மையைச் சொல்லியிருந்தால் மாமாவுக்கு ஒரு பைசா செலவில்லாமல் அந்தப் பணம் வந்திருக்கும். நாங்கள் 2018-ல் மனு போட்டபோது இன்சூரன்ஸ் வக்கீல் ஏ.ஆர். காப்பியைத்தான் தூக்கிக் காட்டினார். "வீட்டில் விழுந்தவருக்கு நாங்கள் எதற்குக் கொடுக்க வேண்டும்?" மூன்று வருடம் அந்த ஒரு வரியோடுதான் மல்லுக்கட்டினோம்.

கடைசியில் காப்பாற்றியது ஒரு நோட்டு. உங்கள் எல்லோர் சட்டைப் பையிலும் இருக்குமே, ஆள் கணக்கு நோட்டு. மாமாவுக்கு சம்மன் போனது. வந்தார், நோட்டோடு வந்தார். அப்பா பெயருக்கு நேரே அந்த வியாழக்கிழமை கட்டத்தில் முதலில் 1 போட்டு, அதன்மேல் ½ என்று திருத்தியிருந்தது. பதினொரு மணிக்கு விழுந்தவருக்கு அரை நாள் கூலி. அந்த அரைதான் அப்பா அன்றைக்கு சைட்டில் இருந்தார் என்பதற்குச் சாட்சி ஆனது. நோட்டை நீட்டும்போது மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் "சாரத்துல இருந்துதான் விழுந்தாரு, நான்தான் பயந்துபோய் மாத்திச் சொன்னேன்" என்று கூண்டில் நின்று சொன்னார். அதை நான் மறக்க மாட்டேன்.

உங்களில் பலருக்கு இந்த நஷ்டஈடு எப்படிக் கணக்காகிறது என்பதே தெரியவில்லை. மனுவுக்குத் தாள் தைக்கிற எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நிரந்தர ஊனம் என்றால் மாதக் கூலியில் 60 சதவீதத்தை எடுத்து, வயதுக்கென்று தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில் போட்டிருக்கும் ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். 45 வயதுக்கு அந்த எண் 169.44. அப்பாவுக்கு சம்பாதிக்கும் சக்தியில் 40 சதவீதம் போய்விட்டது என்று முடிவானது. அன்றைக்குக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாதக் கூலியின் உச்சவரம்பு 8,000 ரூபாய். பெருக்கி, அதில் 40 சதவீதத்தை எடுத்தால் 3,25,324 வரும். அதற்கு மேல் 12 சதவீத வட்டி, மருத்துவச் செலவு தனி. 2020 ஜனவரி 3 முதல் அந்த உச்சவரம்பு 15,000 ஆனது. அதே அடி அதற்குப் பிறகு பட்டிருந்தால் 6,09,984 ரூபாய். கொத்தனார் ஒருவர் மாதத்துக்கு அதைவிட அதிகம் சம்பாதிக்கிறார், அப்புறம் ஏன் 15,000-லேயே நிறுத்த வேண்டும் என்ற கோபம் எனக்கு இன்னமும் இருக்கிறது. மார்பிள் கட்டரில் கட்டை விரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் போனதாகக் கணக்கு என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. உயிரே போனால் 60-க்குப் பதில் 50 சதவீதம்: 35 வயதுக்காரர் குடும்பத்துக்கு 14,77,950 ரூபாய். இவற்றுக்கு நடுவில் மாமா கொடுத்த 15,000-ஐ வைத்துப் பாருங்கள்.

1923-ல் வந்த சட்டம் இது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்ந்துவிட்டது. அடிப்படை மாறவில்லை. வீட்டிலிருந்து சைட்டுக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், இப்போது இதில் சேரும். இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள ஆளுக்கு மட்டும் வழி வேறு, அவர் இ.எஸ்.ஐ. மூலமாகத்தான் வாங்க வேண்டும்.

"அவன் கவனமில்லாம ஏறினான், அதுக்கு நான் என்ன பண்றது?" என்று எங்கள் ஆபீசுக்கே வந்து கேட்ட மேஸ்திரிகள் உண்டு. யார் மேல் தப்பு என்று இந்தச் சட்டம் பார்ப்பதில்லை, அண்ணா. வேலையில் இருந்தபோது, வேலையால் அடிபட்டதா என்றுதான் பார்க்கும். குடித்திருந்தால் கொடுக்க வேண்டாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் உயிர் போனாலோ முழு நிரந்தர ஊனம் ஆனாலோ அதுவும் செல்லாது. ஹெல்மெட், பெல்ட் போடச் சொல்லியும் வேண்டுமென்றே போடவில்லை என்று வாதாட வேண்டுமானால், முதலில் நீங்கள் அவற்றை வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும்.

பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஐம்பதாயிரத்தைக் கொடுத்து, "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று எழுதி வாங்கும் தாளைச் சட்டம் செல்லாது என்கிறது. இறந்தவருக்கான நஷ்டஈட்டை, இந்த வழக்குகளை விசாரிக்கும் அதிகாரியிடம் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் கொடுத்துவிட்டேன் என்றால், மூன்று மாதக் கூலிக்கு மேல் கொடுத்தது கணக்கில் சேராது. அந்தத் தாளை நம்பி இரண்டு முறை பணம் கட்டியவர்களின் ஃபைல்கள் எங்கள் அலமாரியில் இருக்கின்றன. விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வட்டி. சரியான காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் நஷ்டஈட்டில் பாதி வரை அபராதம். அபராதத்தை இன்சூரன்ஸ் பொதுவாக ஏற்காது, அது உங்கள் பாக்கெட்டிலிருந்துதான்.

எல்லாம் என் தலையில் விழுமோ என்று நீங்கள் பயப்படுவது புரிகிறது. கட்டடத் தொழில் செய்கிற பில்டரிடம் நீங்கள் லேபர் காண்ட்ராக்ட் எடுத்திருந்தால், உங்கள் ஆளுக்கு அவரும் பொறுப்பு. அடிபட்டவர் நேராக அவரிடமே கேட்கலாம். மாடிப்படிக் கதை சொல்லும்போது நீங்கள் காப்பாற்றுவது அவரைத்தான். சொந்தக் குடியிருப்புக்கு வீடு கட்டும் ஒருவரிடம் வேலை எடுத்தால் நிலைமை வேறு. அவருக்குக் கட்டடம் தொழில் இல்லை என்பதால் பொறுப்பு பெரும்பாலும் உங்களிடமே நிற்கும். அதனால்தான் ஐந்தாறு ஆள் வைத்து வேலை செய்தாலும் ஒரு தொழிலாளர் நஷ்டஈட்டுப் பாலிசி எடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கான்கிரீட் போடுகிற அன்றைக்கு எலுமிச்சம்பழம் சுற்ற மறக்காத நீங்கள் இதையும் மறக்க வேண்டாம்.

போலீஸ் கேஸ் வராது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வரலாம். கவனக்குறைவால் காயம், கவனக்குறைவால் மரணம் என்று பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் சாரம் கட்டியது யார், கட்டை யாருடையது, பலகையைக் கட்டக் கயிறு கேட்டும் கொடுக்காதது யார் என்று சொல்ல அங்கேதான் இடம் கிடைக்கும். மாற்றிச் சொல்லிவிட்டுப் பிறகு சொன்னால் உங்களை யார் நம்புவார்கள்?

இன்னொன்று, வடநாட்டுப் பிள்ளைகள். கட்டுப் போட்ட காலோடு ரயில் ஏற்றி அனுப்பிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். விபத்து நடந்த ஊரில்தான் மனு போட வேண்டும் என்பதில்லை. பீகாரில் இருக்கும் அவன் ஊரிலிருந்தும் போடலாம், இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும். 15100-க்கு போன் செய்தால் வழி சொல்வார்கள். அனுப்பி வைக்கும்போது அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி அவன் பையில் வையுங்கள்.

அப்பா இப்போது ஒரு மளிகைக் கடையில் உட்கார்ந்து பொட்டலம் கட்டுகிறார். மழை வந்தால் குதிகால் வலிக்கிறது என்பார். மாமா தீபாவளிக்கு வருவார், இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து பேசுவார்கள். விழுந்ததைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள்.

அடுத்த முறை டாக்டர் கேட்டால், "சைட்டுல வேலை செய்யும்போது சாரத்துல இருந்து விழுந்தாருங்க. சைட் இன்ன தெருவுல இருக்கு. மணி பதினொண்ணு இருக்கும்" என்று மட்டும் சொல்லுங்கள். டாக்டர் அப்படியே எழுதுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். வேலை முடிந்த பிறகும் அந்தக் கணக்கு நோட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு கொத்தனாரின் மகள்