சக்திமானை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய டிவி தொடர்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் சக்திமானுக்கு ஒரு வரிகூட இல்லை. மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

1997-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய இந்தி சூப்பர்ஹீரோ தொடர் அது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் சோமனூர் வீதியில் தறிச் சத்தம் அடங்கியிருக்கும். பக்கத்து வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவி முன்னால் பத்துப் பதினைந்து பேர் குந்தியிருப்போம். இந்தி ஒரு வார்த்தை புரியாது. சோடாபுட்டிக் கண்ணாடியும் துருத்திய பல்லுமாக அசடு வழியும் கங்காதர், ஒரு கையைத் தூக்கிப் பம்பரமாய்ச் சுழன்றால் சக்திமான். இதற்கு எதற்கு இந்தி? அவர் பறப்பது வெட்டி ஒட்டிய படம் என்று எங்களுக்கே தெரியும். ஆனாலும் நூல் மூட்டைகளுக்கு நடுவே நாங்களும் சுற்றிச் சுற்றி, தலை கிறுகிறுத்து, தறிக்கு நீட்டிக் கட்டிய பாவு நூல் மேல் விழுந்து முதுகில் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

அப்பாருக்குத்தான் பெரிய குழப்பம். சக்திமானாக நடித்த முகேஷ் கன்னா, மகாபாரதத் தொடரில் பீஷ்மர். வில்லன் கில்விஷாக வந்த சுரேந்திர பால், துரோணர். “ஏன்டா, ஒரே பக்கம் நின்னவீங்க இப்ப எதுக்கு அடிச்சுக்கறாங்க?” என்பார்.

அந்த உடை அரக்குச் சிவப்பு என்பதே பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். போன வாரம் யூடியூபில் மகனுக்குப் போட்டுக் காட்டினேன். “என்னங்கப்பா இது, கார்ட்டூன் அளவுக்குக்கூட இல்லையே” என்று இரண்டே நிமிடத்தில் எழுந்து போய்விட்டான். சரி போகட்டும் என்று, நான் அந்த எபிசோடை முடித்துவிட்டுத்தான் சாப்பிடப் போனேன்.

– வாசகர் ஒருவர், சோமனூர்