முத்திரை வைக்காத படிவம்

டோக்கியோ, நிஷி கசாய்
2023 ஏப்ரல் 9, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். போன வாரம் போனில் பேசும்போதே இதைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா உன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தாள், உனக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவசரத்தில் சொல்லிவிடுகிற விஷயமும் இல்லை இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மார்ச் 11 சனிக்கிழமை ராத்திரி நான் டோக்கியோ டோமில் இருந்தேன். உலக பேஸ்பால் கிளாசிக், ஜப்பானும் செக் குடியரசும் மோதிய ஆட்டம். அலுவலகத்தில் ஒருவருக்கு வர முடியாமல் போய், டிக்கெட்டை என்னிடம் கொடுத்தார். வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு என்னவோ வாங்கிக்கொண்டேன். டோசாய் லைனில் ஈதாபாஷி வரை போய், அங்கே மாறி ஒரே ஸ்டேஷன், சுய்தோபாஷி. நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது உன்னைக் கூட்டிக்கொண்டு போன அதே வழி. அன்றைக்கு ரயில் முழுக்க என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாய். இந்த முறை தனியாகப் போனேன். முதுகில் பீர் டிரம்மைக் கட்டிக்கொண்டு படிகளில் ஏறி இறங்கும் பெண்பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். நீ அவர்களைப் பார்த்து, "தீயணைப்பு வீரர்களா அப்பா?" என்று கேட்டாயே, அது ஞாபகம் வந்தது.

நிஜமாகவே ஒரு தீயணைப்பு வீரர் அன்றைக்கு அந்த அரங்கத்தில் இருந்தார் தம்பி, செக் அணியில். மார்ட்டின் ஷ்னைடர் என்று பெயர். அவருடைய வேலை இருபத்துநாலு மணி நேர ஷிப்டு. அதற்கு நடுவில்தான் பயிற்சி. அணியின் மேனேஜர் பாவெல் ஹாதிம் நரம்பியல் டாக்டர். பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிற வாத்தியார் ஒருவரும் உண்டு. அமெரிக்காவின் பெரிய லீகில் ஆடியவர் என்று சொல்ல எரிக் சோகார்ட் ஒருவர்தான். அவருடைய அம்மா செக்கில் பிறந்தவர். மற்றவர்களில் பெரும்பாலானவர்கள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு விமானம் ஏறி வந்தவர்கள். முதல் நாள் ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில் பின்தங்கி இருந்த நேரத்தில் மார்ட்டின் முஜிக் மூன்று ரன் ஹோம் ரன் அடித்து, சீனாவை 8-5 என்று ஜெயித்திருந்தார்கள். இந்தப் போட்டிக்கே அவர்கள் வருவது அதுதான் முதல் தடவை.

ஜப்பானுக்கு எதிராகப் பந்து போட வந்தவர் ஒந்த்ரெய் சாடோரியா. ஆஸ்த்ராவா ஊர்க்காரர், எலக்ட்ரீஷியன். ஆள் உயரமும் இல்லை. அவருடைய பந்து மணிக்கு 120, 130 கிலோமீட்டர் வேகம்தான். ஜப்பான் பக்கம் ரோக்கி சசாகி 160-க்கு மேல் போடுகிறான். ஸ்கோர் பலகையில் அந்த இரண்டு எண்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தபோது எனக்கே வயிற்றைப் பிசைந்தது. என் பக்கத்தில் இருந்த ஜப்பானியப் பெரியவரும் ஐயோ பாவம் என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

ஆனால் முதல் ரன் யாருடையது தெரியுமா? செக்குடையது. மாரெக் ஹ்லுப் இரண்டாம் பேஸ் வரை ஓட, அதன்பின் ஜப்பான் ஷார்ட்ஸ்டாப் ஆட்டக்காரர் வீசியது தவறிப்போக, அவர் ஹோம் பேஸுக்கு வந்து சேர்ந்துவிட்டார். நாற்பதாயிரம் பேருக்கு மேல் இருந்த இடத்தில் ஒரு மூலையில் மட்டும் சத்தம் கேட்டது. இரண்டு இன்னிங்ஸ் அந்த ஒரு ரன்னைக் கட்டிக் காத்தார்கள்.

மூன்றாவதில் ஜப்பானின் பெரிய நட்சத்திரம் ஓத்தானி மட்டை பிடிக்க வந்தார். சாடோரியா எப்படிப் போடுவார் என்பதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சேஞ்ச் அப் பந்தை நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய், சாப்பாட்டு மேஜையில் ஆரஞ்சுப் பழத்தை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்து? கை வேகமாகத்தான் வரும், பந்து மட்டும் மெதுவாக வரும், மட்டைக்காரன் முந்திக்கொள்வான் என்றாய். நான் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் உம் கொட்டினேன். அன்றைக்கு டோமில் அதைக் கண்ணால் பார்த்தேன். கை வந்த வேகத்துக்கு ஓத்தானியின் மட்டை சுற்றிவிட்டது, பந்து அதன் பிறகு கீழே இறங்கி கேட்சரின் கையுறைக்குள் போனது. ஸ்ட்ரைக் அவுட். ஜப்பான் ரசிகர்கள் ஒரு நொடி மூச்சை உள்ளே இழுத்து, பிறகு கை தட்டினார்கள். பக்கத்துப் பெரியவர் என் தொடையைத் தட்டி, "எலக்ட்ரீஷியன்! எலக்ட்ரீஷியன்!" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று அவர் கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது.

அதே இன்னிங்ஸில் ஜப்பான் முந்திக்கொண்டது, கடைசியில் 10-2. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நாலாவது இன்னிங்ஸைத்தான் சொல்ல வேண்டும். சசாகியின் 162 கிலோமீட்டர் பந்து செக் வீரர் வில்லி எஸ்கலாவின் முழங்காலில் நேராகப் பட்டது. மனிதர் சுருண்டு விழுந்தார். அரங்கமே அமைதியாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, முதல் பேஸுக்கு நடந்து, அங்கிருந்து மைதானத்தின் ஓரமாக விறுவிறு என்று ஓடிக் காட்டினார், எனக்கு ஒன்றுமில்லை என்று. சசாகி தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தான். இரண்டு நாள் கழித்து, இரண்டு பை நிறைய மிட்டாயோடு செக் அணி தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறான். மிட்டாய்க் கம்பெனியான லோத்தேயின் அணிக்காரன் இல்லையா, லோத்தே மிட்டாய்.

அன்றைக்குத் தேதி மார்ச் 11 என்பதை மறந்துவிடாதே. 2011-இல் அந்தச் சுனாமியில் சசாகி அப்பாவையும் தாத்தா பாட்டியையும் இழந்தவன். ரிகுசென்தகாதா ஊர். அப்போது அவனுக்கு வயது ஒன்பது, உனக்குப் பதினொன்று. நான் அன்றைக்கு அலுவலகத்திலிருந்து ரயில் இல்லாமல் நடந்தே வந்து சேர்ந்தபோது, நீ வாசலில் ஹெல்மெட்டும் பேஸ்பால் கையுறையும் போட்டுக்கொண்டு நின்றாய். "ஏதாவது விழுந்தால் பிடித்துவிடுவேன் அப்பா" என்றாய். பன்னிரண்டு வருஷம் கழித்து, அதே தேதியில், தகப்பன் இல்லாத அந்தப் பையன் பந்து போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தகப்பன் இருந்த என் பிள்ளையை நான் என்ன செய்தேன் என்ற நினைப்பு வந்தது.

2015 ஏப்ரலைச் சொல்கிறேன். நடுநிலைப் பள்ளியில் மூன்று வருஷம் ரப்பர் பந்தில் ஆடினாய். மொட்டை அடித்துக்கொண்டு ஊருக்கு வந்தபோது அப்பத்தா, "எந்தக் கோயிலுக்குடா வேண்டுதல்?" என்று கேட்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த வாரமே பேஸ்பால் சங்கத்தில் சேரும் படிவத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய். பெற்றோர் முத்திரை வைக்கும் இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தாய். நான் என் ஹான்கோ முத்திரையை எடுக்கவே இல்லை. "நீ என்ன புரொபஷனலாகவா ஆகப் போகிறாய்? ஆகாத ஒன்றுக்கு எதற்குத் தினமும் நாலு மணி நேரம்? இது சோறு போடுமா?" என்று கேட்டேன். நீ எதிர்த்துப் பேசவில்லை. படிவத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு இந்த வீட்டில் பேஸ்பால் பேச்சே எடுக்கவில்லை. நன்றாகப் படித்தாய், நல்ல வேலை, ஜெர்மனிவரை போய்விட்டாய். நான் செய்தது சரி என்றே இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டோமில் அந்த எலக்ட்ரீஷியனைப் பார்த்தபோது நான் கேட்ட கேள்வியே தப்பு என்று புரிந்தது. அந்த ஆட்டம் அவருக்குச் சோறு போடவில்லை. மறுவாரம் ஊருக்குப் போய் வயர் பெட்டியைத் திறக்க வேண்டியவர்தான். ஆனாலும் விடவில்லை. அவர்கள் வீட்டில் யாரோ முத்திரை வைத்திருக்கிறார்கள், அல்லது வைக்காமலேயே இவர்கள் போய்விட்டார்கள். உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் தம்பி. கேட்கிறேன்.

அதன் பிறகு ஒருநாள் விடாமல் அவர்களைப் பற்றிப் படித்தேன். கொரியாவிடம் 7-3, ஆஸ்திரேலியாவிடம் 8-3, இரண்டிலும் தோல்வி. ஆஸ்திரேலியாவோடு பந்து போட்டது நம் தீயணைப்பு வீரர்தான். ஒரே ஒரு வெற்றிதான், ஆனால் பிரிவில் கடைசி இடம் சீனாவுக்குப் போனதால், அடுத்த போட்டிக்குத் தகுதிச் சுற்று இல்லாமலேயே வரலாம். ஓத்தானி மியாமியில் போய் இறங்கும்போது செக் அணியின் தொப்பியைத்தான் போட்டிருந்தார்.

படித்துக்கொண்டே போனபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். அவர்கள் இந்தப் போட்டிக்குத் தகுதி பெற்ற ஊர் எது தெரியுமா? ரேகன்ஸ்பர்க். நீ இருக்கிற ஊர். 2022 செப்டம்பர், நீ அங்கே போவதற்கு நாலு மாதம் முன்னால். ஸ்பெயினிடம் 21-7 என்று உதை வாங்கியிருக்கிறார்கள். சில நாள் கழித்து அதே ஸ்பெயினை 3-1 என்று ஜெயித்து உள்ளே வந்திருக்கிறார்கள். அந்தக் கடைசி ஆட்டத்திலும் ஷ்னைடர்தான் நெடுநேரம் தாக்குப்பிடித்துப் பந்து போட்டிருக்கிறார். அர்மின் வொல்ஃப் அரங்கம் என்று பெயர், ஷ்வாபெல்வைஸ் பகுதியில். வரைபடத்தில் பார்த்தேன், டான்யூப் ஆற்றின் அந்தக் கரை. அதை வைத்திருப்பது ரேகன்ஸ்பர்க் லெகியோனேரே என்கிற கிளப். முதல் அணி பெரிய அணி, உடனே இடம் கிடைக்காது. அதற்குக் கீழேயும் அணிகள் உண்டு. உனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். தெரிந்தும் போகாமல் இருக்கிறாயோ என்பதுதான் என் கவலை.

இன்று காலை அரகாவா ஆற்றங்கரையில் நடக்கப் போனேன். சகுரா பூ எல்லாம் உதிர்ந்துவிட்டது. மைதானங்களில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், என் வயதுக்காரர்கள்கூட ஆடுகிறார்கள். அரை மணி நேரம் நின்று பார்த்தேன். வெளியே வந்த பந்தை எடுத்து எறிந்தேன், பாதி தூரம்தான் போனது.

வீட்டுக்கு வந்து உன் அறை அலமாரியில் மேல் தட்டிலிருந்து கையுறையை எடுத்தேன். எட்டு வருஷமாக உள்ளே பந்தை வைத்து, உன் பழைய பெல்ட்டால் இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறாய். விடுவது என்று முடிவு செய்தவன் அப்படிக் கட்டி வைப்பானா? தோல் காய்ந்து போயிருந்தது. எண்ணெய் வாங்கிவந்து, துணியில் தொட்டு, விரல் விரலாகத் தேய்த்தேன். அம்மா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டைவிரல் பக்கத்துத் தோல் வார் ஒன்று அறுந்திருக்கிறது. கடையில் கொடுத்திருக்கிறேன், மாற்ற ஒரு வாரம் ஆகுமாம்.

வந்ததும் பார்சல் அனுப்புகிறேன். அம்மா பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் அதே பெட்டியில் வைக்கிறேன் என்கிறாள், எண்ணெய் படாமல் தனியாகச் சுற்றச் சொல்லியிருக்கிறேன். போன தடவை வீட்டு எண் தப்பு என்று பெட்டி திரும்பி வந்ததே, அதனால் முகவரியை ஒருமுறை சரிபார்த்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா