தைரொயிட் பிறபொருளெதிரி அறிக்கையைக் கண்டு கலங்குவோருக்காக

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆய்வுகூடப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற என்னிடம் அயலவர்கள் இரத்தப் பரிசோதனை அறிக்கைகளைக் கொண்டுவந்து விளக்கம் கேட்பது வழக்கம். அண்மையில் வெள்ளவத்தையில் எமது மாடிக்குடியிருப்பைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் கொண்டுவந்த தாளில், 34இற்குக் கீழ் இருக்கவேண்டிய ரி.பி.ஓ. பிறபொருளெதிரி (உடல் தன் தற்காப்புக்காக உருவாக்கும் ஒருவகைப் புரதம்) 600இற்கு மேல் எனத் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. புற்றுநோயாக இருக்குமோ என்ற அச்சத்தில் அவர் உறக்கமின்றித் தவித்திருக்கிறார். அதற்கு மேல்வரியில் ரி.எஸ்.எச். (தைரொயிட் சுரப்பியைத் தூண்டும் ஓமோன்; சுரப்பி குறைவாக இயங்கினால் இது உயரும்) 2.1 என்று முற்றிலும் வழமையாக இருந்ததை எவரும் அவருக்குச் சுட்டிக்காட்டவில்லை.

ரி.பி.ஓ. என்பது தைரொயிட் சுரப்பி ஓமோனை உருவாக்கப் பயன்படுத்தும் ஒரு நொதியம். உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி அதனை அந்நியப் பொருளாகக் கருதும்போதே இப்பிறபொருளெதிரி தோன்றுகிறது. ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ 1912இல் விவரித்த, நோயெதிர்ப்புத் தொகுதியே தைரொயிட் சுரப்பியைத் தாக்கும், பின்னர் அவர் பெயராலேயே அறியப்பட்ட நோயில் பெரும்பாலானோருக்கு இது காணப்படும். ஆனால் எந்தக் குறையுமின்றி நடமாடுவோரிலும் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது இருக்கக்கூடும். 600 என்ற எண் 300ஐப் போல இருமடங்கு கொடிய நோயைக் குறிப்பதுமில்லை. சிகிச்சை தேவையா என்பதை ரி.எஸ்.எச். மற்றும் ரி4 (சுரப்பி உருவாக்கும் தைரொக்சின் ஓமோன்) அளவுகளையும் நோயாளியின் நிலையையும் பார்த்தே மருத்துவர் தீர்மானிப்பார். அவை வழமையாக இருப்பின் ஆண்டுக்கொருமுறை ரி.எஸ்.எச். பார்த்தால் பொதுவாகப் போதும். அலட்சியமாக இருந்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை: இங்கிலாந்தின் விக்கம் பகுதியில் 20 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், பிறபொருளெதிரியும் இருந்து ரி.எஸ்.எச்.சும் உயர்ந்திருந்த பெண்களில் ஆண்டுக்கு 100இற்குச் சுமார் நால்வருக்குச் சுரப்பிக் குறைபாடு முற்றியது.

ஆயினும் ஒருமுறை உறுதியான ரி.பி.ஓ. பரிசோதனையைச் சில மாதங்களுக்கொருமுறை பணம் கொடுத்துத் திரும்பச் செய்வதில் பயனில்லை. சுரப்பி மிகையாகத் தொழிற்படும் கிரேவ்ஸ் நோயில் பார்க்கும் ரி.எஸ்.எச். ஏற்பிக்கெதிரான பிறபொருளெதிரி வேறு. கிரேவ்ஸ் நோய்க்கான மாத்திரையை நிறுத்துவதற்கு முன்னரும் கர்ப்ப காலத்திலும் அந்தப் பிறபொருளெதிரியை மீண்டும் பார்க்க வேண்டி வரலாம்.

என் அனுபவத்தில், சிகிச்சை பலனளிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் மாத்திரை எடுக்கும் விதமே காரணமாகிறது. சுரப்பிக் குறைபாட்டுக்குக் கொடுக்கப்படும் தைரொக்சின் ஓமோன் மாத்திரையைப் பால்தேநீரோடு விழுங்கிவிட்டு, "மருந்து வேலை செய்யவில்லை" என்று வருந்துவோர் பலர். வெறுவயிற்றில் தண்ணீருடன் எடுத்து, தேநீருக்கும் உணவுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும். இரும்புச்சத்து, கல்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி அவசியம். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரங்களின் பின்னரே ரி.எஸ்.எச். பார்ப்பது பொருந்தும். முடி உதிர்வுக்காக பயோட்டின் என்ற விற்றமினை எடுப்பவர்கள், அது சில கருவிகளில் முடிவுகளையே திரித்துக் காட்டும் என்பதால், குறைந்தது இரண்டு நாள் முன்னரே நிறுத்திவிட்டு இரத்தம் கொடுப்பது நல்லது.

உணவு பற்றியும் வீண் பயம் பரவியிருக்கிறது. நம் நாட்டில் 1995 முதல் உப்புக்கு அயடீன் சேர்க்கப்படுகிறது. அதற்கு மேல் அயடீன் மிகுந்த கடற்பாசி மாத்திரைகளை வாங்கி விழுங்குவது இந்நோயாளருக்குத் தீங்காகலாம். சமைத்த கோவாவையும் (முட்டைக்கோசு) மரவள்ளிக்கிழங்கையும் அளவோடு உண்பவர் அவற்றை அடியோடு ஒதுக்கத் தேவையில்லை.

நான் மிகவும் கவலைப்படுவது கர்ப்பிணிகளைப் பற்றியே. முதல் மாதங்களில் சிசு தாயின் தைரொயிட் ஓமோனையே நம்பியிருக்கிறது. ஏற்கனவே தைரொக்சின் எடுப்பவர், கருத்தரித்தது தெரிந்தவுடனே மருத்துவரிடம் தெரிவித்து அளவைக் கூட்டவேண்டுமா என்று கேட்க வேண்டும். குழந்தைக்கு ஆகாது என்று அஞ்சித் தாமாக நிறுத்திவிடக் கூடாது. கர்ப்பவதிகள் கிளினிக்கில் கொடுக்கப்படும் இரும்புச்சத்து, கல்சியம் மாத்திரைகளைத் தைரொக்சினுடன் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது என்பதைக் குடும்ப நல உத்தியோகத்தர்கள் ஒவ்வொரு தாய்க்கும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கொழும்பின் ஆய்வுகூடங்கள் ரி.பி.ஓ. அறிக்கையின் அடியில், இந்த அளவு மட்டும் நோயின் கடுமையைக் காட்டாது, ரி.எஸ்.எச். அளவுடன் மருத்துவரிடம் காட்டவும் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு வரி அச்சிட வேண்டுமெனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்,
கொழும்பு 06