பூவரசங் கம்பைப் பற்றி அப்பாவுக்கு

உப்சாலா, ஸ்வீடன்
9.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் மூவரும் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற வாரம் தொலைபேசியில், “அடிக்காமல் வளர்த்தால் பிள்ளை எப்படி உருப்படும்? அந்த ஊரில் பிள்ளையை அதட்டினாலே பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களாமே?” என்று கேட்டீர்கள். அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஜூன் மாதம் நீங்கள் இங்கு வந்து தங்கும் முன்பு இதை எழுத்தில் சொல்லிவிடுவதுதான் முறை என்று தோன்றியது.

உங்களிடம் இதுவரை மறைத்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். டிசம்பரில் ஒரு நாள் காலை, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு டிகிரிக் குளிர். பனிக்கான முழு உடையையும் காலணியையும் மாட்டிவிட்டால், உங்கள் பேரன் கையுறையை மட்டும் கழற்றிக் கழற்றி எறிந்துகொண்டிருந்தான். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. தொடையில் ஓங்கி இரண்டு அடி வைத்துவிட்டேன். அதை அவன் பாலர் பள்ளியில் சொல்லியிருக்கிறான். பிள்ளைக்குத் தீங்கு நேர்கிறது என்ற ஐயம் எழுந்தாலே சமூகநலத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இங்கே ஆசிரியர்களுக்குச் சட்டம் விதித்த கடமை. சில நாட்களில் எங்களுக்கு அழைப்பு வந்தது.

அந்த அறைக்குள் நுழைந்தபோது எனக்குக் கை நடுங்கியது. இரண்டு அலுவலர்கள் இருந்தார்கள். தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இருந்தார். காலையில் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், உதவிக்கு யார் இருக்கிறார்கள், உங்களை எப்படி வளர்த்தார்கள் என்று கேட்டார்கள். பிள்ளையைக் கொண்டுபோகும் பேச்சே எழவில்லை. அப்படி நடப்பதே இல்லை என்று சொல்லமாட்டேன். பெருந்தீங்கு என்று கண்டால் நீதிமன்றத்தின் வழியாகச் செய்கிறார்கள். எங்களுக்குச் சொன்னது, பெற்றோருக்கான மாலை வகுப்பு ஒன்றில் சேரலாம் என்பதுதான். சேர்ந்தேன்.

அந்த வகுப்பில்தான் இந்நாட்டின் கதை தெரிந்தது. இவர்களும் நம்மைப் போல அடித்து வளர்த்தவர்கள்தாம். பிள்ளையை நல்வழிப்படுத்த அடிப்பதற்கு ‘ஆகா’ (aga) என்று ஸ்வீடிஷ் மொழியில் தனிச்சொல்லே வைத்திருந்தார்கள். நாம் ‘கண்டிப்பு’ என்று சொல்லும்போது அடி மறைந்துபோகிறதே, அதுபோல. 1958-இல் தொடக்கப் பள்ளியிலிருந்து பிரம்பு விலக்கப்பட்டது. 1979-இல், உலகிலேயே முதல் நாடாக, வீட்டுக்குள்ளும் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று சட்டம் செய்தார்கள். நாடாளுமன்றத்தில் 259 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்தவர்கள் 6 பேர். அந்தச் சட்டப் பிரிவுக்குள் தண்டனை எதுவும் எழுதப்படவில்லை, அப்பா. கடுமையாகத் தாக்கினால் அதற்குக் குற்றவியல் சட்டம் தனியே இருக்கிறது. பெற்றோரைச் சிறைக்கு அனுப்புவதைவிட அவர்கள் மனத்தை மாற்றுவதே நோக்கம் என்பதால், பால் அட்டைப் பெட்டிகளில் இரண்டு மாதம் இந்தச் செய்தியை அச்சிட்டார்களாம். காலை உணவு மேசையில் தாயும் பிள்ளையும் ஒன்றாகப் படிக்கட்டும் என்று!

நம் நாட்டிலும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு வந்த சட்டம் அது. ஆனால் வீட்டு வாசலோடு அது நின்றுவிடுகிறது.

அந்த வகுப்பில் ஒரு கதை சொன்னார்கள். எழுத்தாளர் அஸ்ட்ரிட் லிண்ட்கிரேன் 1978-இல் பிராங்க்பர்ட்டில் ஆற்றிய உரையில் வருவது. ஒரு தாய், தவறு செய்த மகனிடம், அடிப்பதற்கு நீயே ஒரு குச்சி கொண்டுவா என்று அனுப்புகிறாள். அவன் வெகுநேரம் கழித்து அழுதுகொண்டே திரும்பி, “குச்சி கிடைக்கவில்லை, இந்தக் கல்லை என்மேல் எறிந்துகொள்” என்று நீட்டுகிறான். மற்றவர்கள் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தேம்பி அழுதுவிட்டேன். ஐந்தாம் வகுப்பில் பதினாறாம் வாய்ப்பாடு தடுமாறியதற்காக, பள்ளிக்குப் பின்னாலிருந்த பூவரச மரத்தில் எனக்கான கம்பை நானே ஒடித்து வந்தது உங்களுக்கு நினைவிருக்குமா என்று தெரியவில்லை. தலைமையாசிரியர் மகள் என்பதால் எனக்கு இரண்டு அடி கூடுதல். அன்று நான் கற்றது பதினாறாம் வாய்ப்பாடு அன்று. எந்தக் கம்பு மெல்லியது என்று தேடிப் பார்க்கக் கற்றேன்.

உங்களைக் குற்றஞ்சாட்ட இதை எழுதவில்லை. “கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், சார்” என்று சொல்லித்தான் ஊரே உங்களிடம் பிள்ளைகளை ஒப்படைத்தது. அந்தப் பிள்ளைகள் படித்து முன்னேறியதற்குக் காரணம், மாலையில் சம்பளமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்து அவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தீர்களே, அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இங்கே ஒழுங்கு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்து வயதுப் பிள்ளைகள் தங்கள் தட்டைத் தாங்களே எடுத்துவைக்கிறார்கள். ஒருவன் மற்றவனைத் தள்ளிவிட்டால் ஆசிரியர் மண்டியிட்டு அவன் கண் மட்டத்துக்கு இறங்கி, என்ன நடந்தது என்று இருவரையும் சொல்லவைக்கிறார். அதற்குப் பத்து நிமிடம் ஆகிறது. அடிக்கு ஒரு நொடி போதும். இந்நாட்டில் குற்றக் கும்பல்கள் பதினைந்து வயது நிரம்பாத சிறுவர்களைக்கூட ஏவுவதை நீங்கள் செய்தியில் படித்திருப்பீர்கள். அது பொய்யன்று, இவர்களுக்குப் பெருங்கவலையாக இருக்கிறது, சிறாருக்கும் தண்டனையைக் கடுமையாக்க வேண்டும் என்ற குரல் வலுத்திருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் பிரம்பைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று எந்தக் கட்சியும் கேட்டு நான் கேள்விப்படவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இங்கிருக்கும் நாட்களில் அவன்மீது கை ஓங்காதீர்கள். விளையாட்டுக்காகக் காதைத் திருகவும் வேண்டாம். ஜூனில் இரவு பத்து மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். அந்த நேரத்தில், எனக்குச் சிலேட்டில் கைபிடித்து எழுதப் பழக்கினீர்களே, அப்படி அவனுக்குத் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுங்கள். ‘ழ’ மட்டும் அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. சுழியை எதிர்ப்பக்கம் போடுகிறான்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்