ஆற்றோரப் பாறைக்குப் புறப்படும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆற்றோரப் பாறையில் ஏறப்போவதாகச் சொல்லிக் கயிறு வாங்க வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்பது, அந்த ஆற்றில் இப்போது எவ்வளவு நீர் ஓடுகிறது என்பதைத்தான். ஏறுதடம் எவ்வளவு கடினம் என்பதைப் பலரும் விசாரித்து வைத்திருக்கிறார்கள். நீரைப் பற்றி விசாரிப்பவர்கள் குறைவு. அந்தக் கவலையில்தான் இம்மடலை எழுதுகிறோம்.

மேலே அணை இருந்தால் வானம் வெளுத்திருக்கும் நாளிலும் நீர் திறக்கப்படலாம். மலையில் பெய்த மழை பல மணி நேரம் கழித்தும் வந்து சேரலாம். காலையில் கணுக்கால் நனையக் கடந்த இடத்தை மாலையில் கடக்க முடியாமல் போகும். ஆகவே அணை திறக்கும் நேரத்தை முன்னதாகவே கேட்டறியுங்கள். போய்ச் சேர்ந்ததும் நீர்விளிம்பில் ஒரு கல்லை அடையாளம் வைத்து, ஒவ்வொரு தடம் முடிந்ததும் அதைப் பாருங்கள். கல் மூழ்கினாலோ, தெளிந்த நீர் கலங்கிச் சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, பொருள்களை விட்டுவிட்டாவது மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

மழை நின்றதுமே மணற்பாறையில் ஏற வேண்டாம். மேற்பரப்பு உலர்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும்வரை பிடிகள் எளிதில் உடையும். பாறையடி மண்ணை விரலால் கிளறிப் பார்த்து, ஈரமாக இருந்தால் திரும்பிவிடுவதே நல்லது. சுண்ணாம்புப் பாறையிலோ மழைக்குப் பல நாள் கழித்தும் நீர் கசியலாம்.

30 மீட்டர் உயரத் தடத்தில் ஏறியவரை இறக்கக் குறைந்தது 60 மீட்டர் கயிறு வேண்டும். நீளம் போதும் என்று தோன்றினாலும் கீழ்முனையில் முடிச்சுப் போட மறவாதீர்கள். நனைந்த நைலான் கயிற்றின் தாங்குதிறன் குறையும் என்பதால், பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பான யு.ஐ.ஏ.ஏ.வின் நீர்விலக்கு முத்திரை பெற்ற கயிற்றையே ஆற்றோரத்துக்குப் பரிந்துரைக்கிறோம். சோதனையில் தன் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சாத கயிற்றுக்கே அம்முத்திரை கிடைக்கும்.

நாங்கள் மிகவும் அஞ்சுவது ஆற்றின் இரைச்சலைத்தான். தடத்தின் உச்சியில் கயிற்றைத் தாங்கும் நங்கூரத்தை அடைந்தவர் கத்துவது கீழே பாதிதான் கேட்கும். தம்மைக் கயிற்றில் இறக்குவார்கள் என்று அவர் நம்பிச் சாய, அவர் தாமே இறங்கிக்கொள்வார் என்று நினைத்துக் கீழிருப்பவர், கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பிலே கருவியிலிருந்து கயிற்றைக் கழற்றிவிட்டால், நடுவில் தடுக்க ஏதுமில்லை. எப்படி இறங்குவது என்பதைத் தரையில் நிற்கும்போதே, முகம் பார்த்துப் பேசி முடிவு செய்யுங்கள். சாய்வதற்கு முன் ஏறியவர் கயிற்றை இழுத்து, அது கீழே இறுகுவதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஓயாத ஈரத்தில், கயிற்றைத் தாங்கப் பாறையில் பதித்த போல்ட்டுகள் துருப்பிடிக்கும். பாறையில் துருக்கறை வழிந்திருந்தாலோ, போல்ட்டின் தகடு கையால் தொட்டதும் ஆடினாலோ அத்தடத்தை விட்டுவிடுங்கள்.

உங்கள் பழைய கயிற்றைப் புறப்படுவதற்குச் சில நாள் முன்பே கடைக்குக் கொண்டுவந்தால், முழு நீளத்தையும் விரல்களுக்கிடையே ஓடவிட்டு, உள்ளே மெலிந்த இடமோ உறை பிய்ந்த இடமோ உள்ளதா எனப் பார்த்து, நீளத்தையும் அளந்து தருகிறோம்.

அன்புடன்,
கடை ஊழியர்கள்